பதினொரு மணி அசதி

திமிரியைச் சுற்றியுள்ள ஊர்கள் இன்னும் விவசாய ஊர்கள்தாம். நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளைகின்றன. ஆனால் அந்த வீடுகளின் மாதச் செலவை நிலம் மட்டும் தாங்குவதில்லை. ராணிப்பேட்டை, மேல்விசாரம் பக்கத்துத் தோல் ஆலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் காலையில் பஸ் ஏறுகிறவர்களின் சம்பளமும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று மேற்கே நீளும் தோல் வட்டாரம் முழுவதற்கும் இது பொருந்தும். தோல் பதனிடும் வேலையில் ஆண்கள் அதிகம். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவுகளில் பெண்களே பெரும்பான்மை. உடம்பு எப்படி இருக்கிறது என்று இவர்களைக் கேட்டால் நோயின் பெயர் எதுவும் வராது. அசதியாக இருக்கிறது, கை கால் ஓய்கிறது, மதியத்துக்குள் தலை சுற்றுகிறது என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்குப் பெரிதாகப் படாத, ஆனால் ஒரு நாளும் விட்டுப்போகாத அசதி இது. இதற்கு வைத்தியம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சத்தாகச் சாப்பிடுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், கவலையை விடுங்கள் என்று வார இதழ்களும் யூடியூப் சேனல்களும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சொல்வதில் தப்பில்லை. ஆனால், கேட்பவர் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்கிறவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண் எப்போது சாப்பிடுவார், எப்போது டீ குடிப்பார், எப்போது தண்ணீர் குடிப்பார் என்பதை ஷிஃப்ட் நேரமும் பஸ் நேரமும் முடிவுசெய்கின்றன. அப்படியானால் அசதிக்கான மருந்தில் ஒரு பெரும்பகுதியை அங்கேதான் தேட வேண்டும். காலை உணவைத் தொழிற்சாலை தர வேண்டும். தேநீரைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் மற்ற அறிவுரைகள் இந்தப் பெண்களிடம் போய்ச் சேராது.

முதலில் அசதி என்பது சோம்பலா, சுணக்கமா, உண்மையிலேயே உடம்பின் குறையா என்பதைப் பார்த்துவிடலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் எடுத்தால் 57 சதவீதம். ஆண்களில் 25 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னணியில் நிற்கும் மாநிலம், தேசிய சராசரியைவிடச் சில புள்ளிகள் மட்டுமே மேம்பட்டிருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. அதே வேலைக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. ரத்தசோகை வருவதற்கு முன்பே, உடலின் இரும்புச் சேமிப்பு வற்றும்போதே அசதி தொடங்கிவிடலாம். 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு, ரத்தசோகை இல்லாத, ஆனால் காரணம் தெரியாத களைப்போடு வந்த 144 பெண்களை எடுத்துக்கொண்டது. நான்கு வாரம் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களின் களைப்பு 29 சதவீதம் குறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 13 சதவீதமே குறைந்தது. செல்வம் கொழிக்கும் சுவிட்சர்லாந்திலேயே இப்படியென்றால், இங்கே ‘உடம்பு வணங்க மாட்டேங்குது’ என்று ஒருவரைப் பழிப்பதற்கு முன் அவருடைய ரத்தத்தைப் பரிசோதிப்பது நியாயம். எல்லா அசதிக்கும் இரும்பே காரணம் என்று சொல்லவும் முடியாது. தைராய்டு, பி12 குறைவு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மனச்சோர்வு, கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய் எல்லாம் இதே முகத்தோடுதான் வரும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட பெண்களிடம் இருக்கிற ஒரு குறையை முதலில் சந்தேகிப்பதே முறை.

இனி அந்தக் காலைப்பொழுதுக்கு வருவோம். விடிவதற்கு முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் டப்பா கட்டி, தன் டப்பாவையும் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண், அந்த இடைவெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது அரிது. ஒரு டம்ளர் டீயோ, டீயில் தோய்த்த இரண்டு பிஸ்கட்டோ உள்ளே போகும். கம்பெனியில் பத்து மணி வாக்கில் இன்னொரு டீ. சாப்பாடு மதியம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, அரைமணி நேர இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்றது. நல்ல விதி. ஆனால் சட்டத்தின் கடிகாரம் கம்பெனி கேட்டில் தொடங்குகிறது. உடம்பின் கடிகாரம் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே, அடுப்படியில் தொடங்கிவிட்டது. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து கணக்குப் போட்டால், அடுத்த நாள் மதியம் வரை அவர் ஒழுங்காக ஒரு வேளையும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குக் கை தளர்வதும், தையல் ஊசியின் மேல் வைத்த கண் மங்குவதும் வியப்பில்லை. அதற்கு மேல், வேலூர் வட்டாரத்து வெயில் வேறு. கழிப்பறைக்கு எழுந்து போனால் எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் பார்ப்பார் என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வது உற்பத்தி வரிசைகளில் வேலை செய்யும் பெண்களிடம் ஊறிப்போன பழக்கம். தண்ணீர் குறைந்தாலும் தலைவலியும் அசதியும்தான் முதலில் வரும்.

காலை உணவைத் தவிர்ப்பது உடம்புக்குக் கெடுதல் இல்லை, சொல்லப்போனால் நல்லது என்று இப்போது ஒரு கட்சி இருக்கிறது. இடைப்பட்ட பட்டினி என்ற பெயரில் நகரத்து மேல்தட்டில் அது பரவியும் இருக்கிறது. அந்தக் கட்சியில் ஓரளவு நியாயம் உண்டு. காலை உணவு சாப்பிட்டால் எடை குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று 2019இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, மதியம் முட்டை, பருப்பு, காய்கறி, பழம் என்று நிறைவாகச் சாப்பிடப்போகிற ஒருவர் காலையில் சாப்பிடாவிட்டால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. அவர் பசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் அதை முடித்துக்கொள்ளலாம். மூன்று மணி நேர வீட்டு வேலைக்குப் பிறகு தையல் மெஷின் முன் உட்காருகிற, ரத்தத்தில் இரும்பு குறைந்த பெண்ணுக்கு விடப்பட்ட வேளை என்பது கைவிட்டுப்போன புரதம், கைவிட்டுப்போன இரும்பு. மதியச் சோறு அதை ஈடுகட்டுவதில்லை. இரும்பு ஒரு நாளில் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஆணைவிடக் குறைவாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு ஆணைவிட ஒன்றரை மடங்கு இரும்பு தேவை. மூன்று வேளையில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு ஒருபோதும் நேராகாது.

தேநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் டீயைக் குறை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். குறை சொல்வதும் நோக்கமில்லை. உழைக்கிறவருக்கு டீ ஒரு சிறிய விடுதலை. மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவும், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் அது ஒரு சாக்கு. அதை எப்போது குடிக்கிறோம் என்பது மட்டுமே கேள்வி. தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருட்கள், தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. 1975இலேயே தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வொன்று, ரொட்டியிலும், உருளைக்கிழங்கு-வெங்காய சூப்போடு சாப்பிட்ட சோற்றிலும் இருந்த இரும்பு, கூடவே டீ குடித்தபோது பெருமளவு வீணானதைக் காட்டியது. சோற்றுக்குப் பின் டீ என்ற நம் பழக்கத்துக்கு இதைவிட நெருக்கமான சோதனை இருக்க முடியாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருப்பது இதனால்தான். இதைக் கடைப்பிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் கம்பெனியில் டீ வருகிற நேரத்தை மாற்றுவது தொழிலாளியின் கையில் இல்லை. காலைச் சாப்பாடு வேலை தொடங்குமுன் கிடைத்து, டீ பத்தரைக்கு மேல் வந்தால் போதும். மதியச் சாப்பாட்டோடு டீக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வைட்டமின் சி, டானின் செய்கிற வேலைக்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. அரை எலுமிச்சம்பழமோ, ஒரு துண்டு கொய்யாவோ, ஒரு நெல்லிக்காயோ சாப்பாட்டின் இரும்பைக் கூட்டாது. இருக்கிற இரும்பை உடல் பிடித்துக்கொள்ள உதவும்.

தட்டில் இருப்பதைப் பார்த்தால் பிரச்சினையின் மறுபக்கம் தெரியும். சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், பொரியல் பெயருக்கு. இது ஏழ்மையின் தட்டு மட்டுமல்ல, பொதுவாகத் தமிழ்நாட்டின் தட்டு. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தும் 12 சதவீதத்தை மட்டுமே புரதத்திலிருந்தும் பெறுகிறார்கள் என்று இந்தியாப் குழுவின் 2025ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் நாலரைக்கு மேல், கம்பில் ஆறுக்கு மேல். இலவச அரிசி பட்டினியை ஒழித்தது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் வயிறு நிறைந்த பிறகும் உடம்பு ஓய்ந்துகிடப்பதற்கு அரிசியின் மேலாதிக்கம் ஒரு காரணம். இந்த மாவட்டங்களுக்குக் கேழ்வரகு அந்நியமும் அல்ல. களி கிண்டாத பழைய வீடு இங்கே கிடையாது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில் என்ன சாப்பிடுகிறோம்? புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கேழ்வரகிலும் இரும்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. புளிக்கவைப்பது அவற்றைக் குறைக்கிறது, கருவாடு புரதம் தருவதோடு கீரையின் இரும்பு உடலில் சேரவும் துணைபுரிகிறது. ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியது போன்ற இந்தச் சாப்பாட்டை ஆடியில் ஓரிரு நாளோடு நிறுத்திவிட்டோம். 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. களி உண்ணும் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கும் அதைக் கேட்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

இந்த இடத்தில் பாட்டிகளின் கட்சி குறுக்கிடும். நம் பாட்டிமார் கூழையும் பழையதையும் குடித்துவிட்டு நாள் முழுக்க நாற்று நட்டார்களே, அவர்களுக்கு எந்த முட்டை இருந்தது, எந்த மாத்திரை இருந்தது என்று கேட்பார்கள். கேழ்வரகைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் உண்மை உண்டு. மற்றபடி இது மறதியின் வாதம். அந்தப் பாட்டிமாரின் ஹீமோகுளோபினை யாரும் அளந்து வைக்கவில்லை. விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. பிரசவத்தில் இறந்தவர்களும் நாற்பதில் கிழவியானவர்களும் நம் நினைவில் பேசுவதில்லை. நீடித்து வாழ்ந்த பலசாலிப் பாட்டிகளே பேசுகிறார்கள்.

புரதம், இரும்பு என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் மாட்டிறைச்சியைத் தொடாமல் முடியாது. பிரியாணியால் பேர் வாங்கிய ஆம்பூரில் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. எதிர்ப்பு எழுந்தது, விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது, விலக்கியது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அந்தச் சர்ச்சையைப் பண்பாட்டுச் சண்டையாக மட்டும் பார்த்தோம். தோல் தொழிலில் கை நனைக்கிற தலித், இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாட்டுக்கறி மலிவான இரும்பு, மலிவான புரதம். இறைச்சியிலுள்ள இரும்பைத் தாவர இரும்பைவிடப் பல மடங்கு எளிதாக உடல் எடுத்துக்கொள்கிறது; மேலே சொன்ன 1975 ஆய்விலேயே சமைத்த ரத்தப் புரதத்தின் இரும்பை டீயால் தடுக்க முடியவில்லை. சிவப்பு இறைச்சியை அளவோடு சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை சரியானது; வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ உண்பவர்களுக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. மாட்டின் தோலை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டுகிற ஊர், அதே மாட்டின் கறி டப்பாவில் வந்தால் முகம் சுளிக்கிறது என்பது விசித்திரம்தான். உண்ணாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சில்லறைக் கடையில் ஒரு முட்டை பெரும்பாலான நாட்களில் டீக்கடையின் ஒரு டீயைவிட மலிவு. அதில் ஆறு கிராம் புரதம். ஒரு கைப்பிடி மல்லாட்டையில் ஏழு கிராம். மல்லாட்டையை இந்த நிலமே விளைவிக்கிறது. அதை மூட்டையாக விற்றுவிட்டு, கடையில் சத்துபான டப்பா வாங்குகிறோம். சர்க்கரை மிகுந்த அத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு ஒன்றிய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொன்னது. கடை அலமாரியில் அவை அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இரும்பு மாத்திரை இருக்கும்போது இவ்வளவு சுற்றுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, சில சூழ்நிலைகளில் மாத்திரையே சரியான பதிலும்கூட. ஹீமோகுளோபின் வெகுவாகக் குறைந்தவரை உணவால் மட்டும் மீட்க முடியாது. 2018இல் தொடங்கிய ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டம் பள்ளிப் பிள்ளைகள் முதல் கர்ப்பிணிகள் வரை மாத்திரை தருகிறது. ரேஷன் அரிசியிலும் இரும்பு சேர்க்கப்பட்டது. ஆனால் மாத்திரை வயிற்றைப் பிரட்டும், மலச்சிக்கல் தரும், மலம் கறுக்கும். எதற்கென்று யாரும் விளக்கிச் சொல்லாத மருந்தை, வயிற்றைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் ஒருவர் நிறுத்திவிடுவது இயல்பு. சாப்பிட்ட கையோடு டீயும் குடித்தால் அதிலும் ஒரு பகுதி போயிற்று. பள்ளியில் மாத்திரை வாங்கிய பெண், படிப்பு முடிந்து ஷூ கம்பெனியில் சேர்ந்ததும், கர்ப்பமாகும் வரை நடைமுறையில் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைத் தினமும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய ஒரே நிறுவனம் அவருடைய கம்பெனி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தந்த கவனத்தை, தொழிற்கூட வாசலில் ஹீமோகுளோபினுக்கும் தர வேண்டும்.

கம்பெனி ஏன் சாப்பாடு போட வேண்டும் என்பதே முதலாளிகளின் கேள்வியாக இருக்கும். ஆர்டர் குறைந்துவிட்டது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி தோல் பொருட்களையும் அடித்தது, வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் விலையில் போட்டி போட வேண்டும், இந்த நேரத்தில் இட்லிச் செலவா? அந்தக் கஷ்டங்கள் கற்பனை அல்ல. பதில் தருமத்தின் பெயரால் சொல்ல வேண்டியதில்லை. கணக்கின் பெயராலேயே சொல்லலாம். 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒரு மாதம் இரும்புச் சத்து தரப்பட்டது. ஹீமோகுளோபின் ஏறியவர்கள் அதிகக் கொழுந்து பறித்தார்கள், முன்பைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினார்கள். இந்தோனேசியாவின் ரப்பர் தோட்டத்திலும் அதே ஆண்டு அதே முடிவு. தோட்ட வேலை வேறு, ஆலை வேலை வேறு என்று சொல்ல முடியாதபடி, 1994இல் பெய்ஜிங் பஞ்சாலைப் பெண்களிடம் நடந்த சோதனையும் வந்தது. இரும்பு பெற்ற பெண்கள் குறைந்த சக்தியைச் செலவழித்து அதே வேலையை முடித்தார்கள்; வேலைத்திறன் கூடியது. மிச்சமான சக்தியைக் கொண்டு அவர்கள் வேலைக்கு வெளியே நடமாடினார்கள் என்பதையும் அந்த ஆய்வு கவனித்தது. முதலாளிக்கு வேலைத்திறன் போதும். தொழிலாளிக்கு வீட்டுக்குப் போன பிறகும் உயிரோடு இருப்பது போல் உணர்வது முக்கியம். மோசமான உணவால் நாடுகள் உற்பத்தித்திறனில் 20 சதவீதம் வரை இழக்கின்றன என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2005இல் வெளியிட்ட ‘வேலையிடத்தில் உணவு’ பற்றிய நூல் மதிப்பிட்டது. அந்த உச்சவரம்பு ஆம்பூருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கு பொருந்தினாலே ஒரு முட்டை, இரண்டு இட்லி, சுண்டலின் விலை வந்துவிடும்.

சட்டத்தில் புதிதாக எதையும் எழுத வேண்டிய தேவையும் அதிகமில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு 250க்கு மேல் ஆள் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு உணவகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே என்ன உணவு, என்ன விலை என்பதை விதியாக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. உணவக நிர்வாகக் குழுவில் தொழிலாளருக்கு இடமும் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பல விஷயங்களில் தொழிலாளர் பாதுகாப்பைத் தளர்த்தினாலும், உணவகத்துக்கான வரம்பை 100 ஆளாகக் குறைத்தது. ஆக, இடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, குழு இருக்கிறது. அந்தக் குழு கூடுகிறதா, கூடினால் போண்டா விலையைத் தவிர வேறு ஏதாவது பேசுகிறதா என்பதைக் கேட்க வேண்டியவர்கள் தொழிற்சாலை ஆய்வாளர்களும் சங்கங்களும். வெளிநாட்டு பிராண்டுகளின் தணிக்கையாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தீயணைப்புக் கருவியையும் முதலுதவிப் பெட்டியையும் சரிபார்க்கிற அவர்கள், இந்தத் தளத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்றும் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு நிர்வாகம் வரும்.

காலை உணவு என்பது இந்த மாநிலத்துக்கு நடைமுறை தெரியாத கனவும் அல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என்று கிழமைக்கு ஒரு பட்டியல் போட்டு, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் காலையில் நேரத்துக்குப் பரிமாற முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. அதிகாலையில் பிள்ளைக்கு டிபன் செய்யும் சுமையிலிருந்து தாய்மாரை அது விடுவித்தது என்பதையும் அரசு பெருமையோடு சொல்கிறது. அந்தத் தாய்மாரில் பலர் அதே நேரத்தில் வெறும் வயிற்றோடு கம்பெனி பஸ்ஸில் நிற்கிறார்கள். கம்பெனிச் சமையலறையை நடத்தச் சுய உதவிக் குழுக்களைச் சேர்ப்பதா, செலவை நிர்வாகமும் நல வாரியமும் பகிர்வதா என்பதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விவரங்கள். வேலை தொடங்க இருபது நிமிடம் முன்பு சாப்பாடு வேண்டும் என்பதிலும், அந்த இருபது நிமிடம் சம்பள நேரத்தில் சேர வேண்டும் என்பதிலும் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. சேராவிட்டால், இருபது நிமிடம் முன்னால் வரச்சொன்னதாக அது மாறி, இன்னும் இருபது நிமிடத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

இந்த ஏற்பாடு தொடாத ஒரு கூட்டம் இருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் கையால் தைத்துக்கொடுக்கும் பெண்களுக்குக் கம்பெனி கேட்டும் இல்லை, கேன்டீனும் இல்லை, உணவகம் பற்றிய சட்டப் பிரிவும் அவர்கள் வீட்டு வாசல் வரை வருவதில்லை. அவர்களைச் சென்றடையக்கூடியவை ரேஷன் கடையும் அங்கன்வாடியும். சிறப்பு விநியோகத்தில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பு மாதா மாதம் தவறாமல் வருவதும், அதோடு கேழ்வரகு சேர்வதும் அவர்களுக்குக் காலை உணவுத் திட்டத்துக்கு ஈடு.

தூக்கத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுவே மிகக் கடினமானது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதில் மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பெண்கள் நடைப்பயிற்சி செய்யவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தண்ணீர்க் குடத்தோடும் பஸ் நிறுத்தத்துக்கும் போதுமான அளவு நடக்கிறார்கள். தூக்கத்தைத்தான் எங்கிருந்தும் எடுக்க முடியவில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடங்கள். காலை உணவு கம்பெனியிலும் பள்ளியிலும் கிடைத்துவிட்டால், அதிகாலைச் சமையலில் அரைமணி நேரம் மிச்சமாகும். அந்த அரைமணி பெண்ணின் தூக்கத்தில் சேருமா, கணவரின் மதிய டப்பாவுக்குக் கூடுதலாக ஒரு பொரியல் செய்வதில் கரையுமா என்பதைத் தொழிலாளர் சட்டத்தின் எந்தப் பிரிவும் தீர்மானிக்காது. வீட்டில் அந்த டப்பாவை யார் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது அது.